டர்போ கேட்ட இரண்டு நிமிடம்

என்னிடம் இதுவரை ஒப்படைக்கப்பட்ட வேலைகளிலேயே சுலபமானது, வண்டியை நிறுத்திய பிறகு இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பது. இன்ஜினை அணைக்காமல், ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு, வெளியே வேடிக்கை பார்த்தபடி. அதைக்கூட நான் செய்யவில்லை. அதற்கு அடிபட்டவன் நான் இல்லை, என் மச்சான். வலது கையை வைத்துப் பிழைக்கிறவன் அவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் நடுவில் எங்காவது நழுவிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. மாடம்பாக்கத்துக் குடும்பம். நிலமெல்லாம் மனைகளான பிறகு அவன் பங்குக்கு வந்த இடத்தில் முன்னால் தகரக் கூரை போட்டு டீசல் வண்டிகளுக்கு ஒரு பட்டறை, பின்னால் வீடு. ஓடுகிற இன்ஜின்மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டு தலையைச் சாய்ப்பான். "மூணாவது நாசில் சரியில்ல, டீசல் ஒழுங்கா பீச்சல" என்பான். கழற்றிப் பார்த்தால் மூணாவதுதான். என் அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்பு பார்த்தவர்களுக்கு எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதனால் அவன் விரல்கள்மேல் எனக்கு ஒரு பொறாமைகூட உண்டு.

நான் சேலையூர் காலனிக்காரன், ஓய்வுபெற்றவன், மூக்குமேல் கோபம் வருகிறவன். எங்கள் வீட்டில் ஒரு பழைய டீசல் ஜீப். நான்கு சக்கரமும் இழுக்கிற வகை. மழைக்காலத்தில் முடிச்சூர் பக்கம் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது காலனியே என் வாசலில் வந்து நிற்கும். மாத்திரை வாங்கணும் சார், அம்மாவை டயாலிசிஸுக்குக் கொண்டுபோகணும் சார். அந்தப் பத்து நாள் நான்தான் ராஜா. தண்ணீர் வடிந்ததும் அதே ஜனங்கள் பெருங்களத்தூர் மேம்பாலத்தில் எனக்குப் பின்னால் நின்று ஹாரன் அடிப்பார்கள். ஏற்றத்தில் ஜீப் முக்கும், முனகும், கரும்புகை விடும். "யோவ் பெருசு, ஓரங்கட்டு!" என்பான் எவனாவது.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது ஏலகிரியில். மனைவியின் உறவுக்காரர்கள் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு போனேன். மூன்றாவது வளைவில் வண்டி நின்றே விட்டது. பின்னால் வந்த மினி பஸ் டிரைவர் தலையை நீட்டி, "இன்னா சார், நீங்க வண்டிய ஓட்டுறீங்களா, வண்டி உங்கள ஓட்டுதா?" என்றான். எட்டுப் பேரும் சிரித்தார்கள். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எல்லோரும் இறங்கி நடந்தார்கள். நான் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். காதெல்லாம் எரிந்தது.

மறுநாள் காலையில் பட்டறைக்குப் போய், "இதுக்கு டர்போ போடு" என்றேன்.

மச்சான் சிரிக்கவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "வோணாம் மாமா" என்றான்.

"ஏன் வேணாம்? எல்லா வண்டியிலயும் இருக்கே."

"அது கம்பெனிலருந்தே டர்போவோட வந்த இன்ஜின். இது அப்டி இல்ல. இன்ஜின் விடுற புகை போற வேகத்துல ஒரு சக்கரம் சுத்தும், அது இன்னொரு சக்கரத்த சுத்தி காத்த உள்ள திணிக்கும். நிமிஷத்துக்கு லட்சம் சுத்து மாமா. அதுக்கு நடுவுல கீற தண்டு ஆயில்லதான் மிதக்குது. ஆயில் நின்னா அது செத்துடும்."

"செத்தா வேற மாட்டு."

"சும்மா சாவாது." குரலைத் தாழ்த்தினான். அவன் குரல் தாழ்ந்து நான் அதிகம் கேட்டதில்லை. "சீல் போயிடுச்சின்னா, ஆயில் காத்தோட சேந்து இன்ஜினுக்குள்ள போவும். அப்பறம் இன்ஜினுக்கு டீசலே வோணாம். தன்னோட ஆயிலையே குடிச்சிகினு ஓடும். நீங்க கம்பிய இழுத்தாலும் நிக்காது. ஏறிகினே போவும், வெடிச்சாத்தான் நிக்கும். நான் ஒரு தபா பாத்துருக்கேன். மறுபடியும் பாக்க வோணாம்."

எங்கள் ஜீப்பை நிறுத்துவது சாவியால் இல்லை. டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு கம்பிக் குமிழ் இருக்கும். இழுத்தால் டீசல் அடைபடும், இன்ஜின் நின்றுவிடும். அந்தக் குமிழை இழுத்தும் ஒரு இன்ஜின் நிற்காது என்பதை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. பேய்க்கதை சொல்கிறான் என்று நினைத்தேன். கோபம் வேறு வந்துவிட்டது. "நீ போடலேன்னா மறைமலைநகர்ல ஆயிரம் பேர் இருக்கான், நான் பாத்துக்கறேன்" என்று ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன்.

அவன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். "வேற எவன்கிட்டயாவது அரைகொறையா போட்டுகினு வந்து இங்கதான் நிப்பீங்க. அதுக்கு நானே போடறேன்" என்றான். அன்றைக்கு நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதே இன்ஜினின் டர்போ வைத்த மாடல் ஒன்றிலிருந்து கழற்றிய டர்போவைப் புதுப்பேட்டைப் பழைய பார்ட்ஸ் கடைகளில் தேடிப் பிடித்தான். நாலைந்து கடையில் வேண்டாம் என்று வைத்துவிட்டு ஆறாவதில் எடுத்தான். ஒவ்வொன்றிலும் உள்ளே விரலை விட்டு அந்தச் சின்னச் சக்கரத்தை மெல்லச் சுண்டிவிட்டு, தண்டை மேலும் கீழும் அசைத்துப் பார்ப்பான். எடுத்தது துளிகூட ஆடவில்லை. "புதுசு மாதிரி கீது மாமா" என்று என் விரலையும் பிடித்து உள்ளே விட்டுக் காட்டினான். சக்கரத்தின் இதழ்கள் பிளேடு மாதிரி மெலிந்திருந்தன. சட்டென்று கையை எடுத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் வேலை நடந்தது. புகை வெளியேறும் குழாய்த்தொகுதியை மாற்றினான். ஆயில் வருவதற்கு ஒரு குழாய், திரும்பிப் போவதற்கு, இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்குகிற சம்பில் ஓட்டை போட்டு ஒரு குழாய். வருகிற குழாயைவிடத் திரும்புகிற குழாய் பெரிசாக இருக்க வேண்டும், எங்கேயும் மடங்கக் கூடாது என்று மூன்று முறை கழற்றி மாட்டினான். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னுமா முடியல?" என்று தொணதொணத்தேன். கடைசியில் டர்போவுக்குள் கொஞ்சம் ஆயில் ஊற்றி, விரலால் சுற்றிவிட்டு, "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க" என்றான்.

பண்ணினேன். கொஞ்சம் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் இன்ஜின் சத்தத்துக்குப் பின்னாலிருந்து ஒரு விசில் கிளம்பியது. மெல்லிசாக, நீளமாக. பட்டறையில் படுத்திருந்த நாய் எழுந்து வெளியே போய்விட்டது. எனக்குப் புல்லரித்தது. மச்சான் மட்டும் பானெட்டுக்குள் குனிந்து அந்த விசிலை ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தான்.

பிறகுதான் அந்த வேலையை ஒப்படைத்தான். "ஒண்ணே ஒண்ணு மாமா. வண்டி நின்னதும் கம்பிய இழுக்காதீங்க. ரெண்டு நிமிஷம் ஐடில்ல ஓடட்டும். டர்போ உள்ள சூடா சுத்திகினு கீது. நீங்க இன்ஜின நிறுத்தினா ஆயில் நின்னுடும், அது மட்டும் ஆயில் இல்லாம சுத்தும். உள்ள கீற ஆயில் கருகிப்போயிடும். ஒரு தபா ரெண்டு தபா தாங்கும். டெய்லி பண்ணா தாங்காது." ஒரு வெள்ளைத் தாளில் '2 நிமிடம்' என்று பெரிதாக எழுதி குமிழுக்கு மேலேயே ஒட்டினான்.

இப்போது என் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். இது என் பழக்கம் மட்டும் இல்லை, இந்தப் பக்கத்து ஆட்களின் பழக்கம். தாம்பரத்தைச் சுற்றி வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவன் எவனும் ரயில்வே கேட்டில்தான் கற்றுக்கொண்டான். கேட் விழுந்தால் ஒரு எலெக்ட்ரிக் டிரெயின், அதற்குப் பின்னால் ஒரு எக்ஸ்பிரஸ், அதற்குப் பின்னால் ஒரு கூட்ஸ். கேட்டில் இன்ஜினை ஓடவிட்டவனை முன்னால் நிற்கிறவனும் பின்னால் நிற்கிறவனும் சேர்ந்து திட்டுவார்கள், "உங்கப்பன் வீட்டு டீசலா?" என்று. அதனால் கேட் இறங்குவது தூரத்தில் தெரிந்தாலே அணைத்துவிட்டு நியூட்ரலில் உருட்டிக்கொண்டு போய் நிறுத்துவோம். கேட்டெல்லாம் மேம்பாலமாகிவிட்டது, எங்கள் கை மட்டும் மாறவில்லை. என் வீட்டுத் தெருமுனை திரும்பினதும் குமிழை இழுத்துவிடுவேன். வண்டி சத்தமில்லாமல் உருண்டு வந்து சரியாக என் வாசலில் நிற்கும். அதில் எனக்கு ஒரு பெருமை.

டர்போ போட்ட வண்டிக்குப் பூஜை போட வேண்டும் என்று மனைவி சொன்னாள். மச்சானையும் ஏற்றிக்கொண்டு மூன்று பேருமாகக் குன்றத்தூர் முருகன் கோயிலுக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் விரட்டினேன். மினி பஸ்ஸாகப் பார்த்துப் பார்த்து ஓவர்டேக் செய்தேன். மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு "முருகா, முருகா" என்று வந்தாள். மலையடிவாரத்தில் நிறுத்தியதும் என் கை தானாகப் போய் குமிழை இழுத்தது. இன்ஜின் நின்றது. விசில் மட்டும் நிற்கவில்லை. அணைந்த வண்டிக்குள் அது தனியாகக் கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டே போய் அடங்கியது.

"மாமா!" என்றான் மச்சான். முகம் வெளுத்திருந்தது.

"சரிடா, சரிடா, பழக்க தோஷம்" என்றேன். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். நான் கும்பிட்டேன். அவன் கண்ணைத் திறந்தபடியே, பானெட்டைப் பார்த்துக் கும்பிட்டான்.

அதற்குப் பிறகு நான் இரண்டு நிமிடம் உட்கார்ந்தேனா என்றால், உட்கார்ந்தேன். மூன்று நாள். நான்காவது நாள் பக்கத்து வீட்டுக்காரர், "என்ன சார், வண்டிய நிறுத்திட்டு உள்ளயே தியானமா?" என்று கேட்டார். ஐந்தாவது நாள் உள்ளே போன் அடித்தது. ஆறாவது நாள் காரணமே இல்லை. அப்புறம் தெருமுனையிலேயே குமிழை இழுக்கிற பழைய பழக்கம் முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. ஏறுகிறவர்கள் எல்லாம் அந்தத் தாளைப் பார்த்து என்ன ஏது என்று கேட்டார்கள். ஒருநாள் எரிச்சலில் அதைக் கிழித்துச் சுருட்டி வெளியே எறிந்தேன். மச்சான் கேட்டபோது, வண்டி கழுவும்போது போய்விட்டது என்றேன்.

வாரத்துக்கு ஒருமுறை போன் பண்ணுவான். "ரெண்டு நிமிஷம் வுடுறீங்கல்ல மாமா?"

"விடுறேன்டா. நான் என்ன பச்சப் புள்ளையா?"

நாலைந்து மாதத்தில் விசில் மாறியது. முதலில் அதில் லேசாக ஒரு கரகரப்பு. ஏற்றத்தில் மட்டும் கேட்டது, பிறகு சமதளத்திலும். காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப்புகை வந்து வாசல் கோலத்தின்மேல் படிந்து நின்றது. "என்னங்க இது, நாத்தம் குடலப் பிடுங்குது. தம்பிகிட்ட காட்டுங்களேன்" என்றாள் மனைவி. ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவிப் பார்த்தேன், ஆயில் நுனியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கேயும் ஒழுகவில்லை, தரையில் ஒரு சொட்டு இல்லை. இத்தனை ஆயில் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். அவன்தான் சொல்லியிருந்தானே.

ஆனாலும் காட்டவில்லை. காட்டினால் கேட்பான். அக்கா புருஷன் என்கிற மரியாதையில் நேராகக் கேட்க மாட்டான், தரையைப் பார்த்துக்கொண்டு கேட்பான். அது இன்னும் மோசம். மனைவி குளிக்கப் போகிற நேரம் பார்த்து ஆயில் கேனை எடுத்து ஊற்றிவைத்தேன். வாரம் ஒருமுறை ஊற்றினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். நான் லிட்டர் லிட்டராக ஆயிலை மறைத்தேன்.

கடைசியில் மனைவியே தம்பிக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, "உடனே எடுத்துகினு வாங்க மாமா, வேகமா ஓட்டாதீங்க" என்றான். போனேன். வழியெல்லாம் எனக்குப் பின்னால் நீலப்புகை. கேம்ப் ரோடு சிக்னலில் ஸ்கூட்டரில் நின்ற ஒரு பெண் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு என்னை முறைத்தாள்.

பட்டறைக்குள் நிறுத்தினேன். "அணைக்காதீங்க, சத்தம் கேக்கணும்" என்று பானெட்டைத் தூக்கினான். பின்னால் வீட்டில் அவன் மனைவி எதையோ தாளிக்கிற வாசனை. விரலை வைத்தான். தலையைச் சாய்த்தான். காற்று வருகிற ரப்பர் குழாயைக் கழற்றி டர்போவின் வாயைத் திறந்து பார்த்தான். உள்ளே ஆயில் பளபளத்தது என்று பிறகு அவன் சொன்னான். நான் பார்க்கவில்லை, நான் டிரைவர் சீட்டில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரே ஒரு தபா ரேஸ் பண்ணுங்க மாமா. லேசா."

லேசாக எதையும் செய்து எனக்குப் பழக்கம் இல்லை. மிதித்தேன். இன்ஜின் உறுமியது. காலை எடுத்தேன். உறுமல் இறங்கவில்லை.

என் கால் தரையில் இருந்தது; சத்தம் ஏறிக்கொண்டிருந்தது. குமிழை இழுத்தேன். ஏறியது. இன்னும் பலமாக இழுத்தேன். ஸ்டியரிங் நடுங்கியது, கண்ணாடி நடுங்கியது, என் பல் நடுங்கியது. கரகரப்பெல்லாம் போய் அந்த விசில் ஒரே கூச்சலாக மாறிவிட்டது. பட்டறை முழுக்க வெள்ளைப் புகை. புகைக்குள்ளிருந்து மச்சான் கத்தினான்: "டாப் கியர்ல போடுங்க மாமா! பிரேக்க மிதிச்சிகினு கிளட்ச்ச வுடுங்க! நின்னுடும்!"

அது எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது. செய்யத் தெரியாததும் இல்லை. ஆனால் என் கை அந்தக் குமிழை விடவில்லை. இழுத்தேன், இழுத்தேன், இழுத்துக்கொண்டே இருந்தேன். கம்பி அறுந்து குமிழ் கையோடு வந்துவிட்டது.

அவன் ஓடியிருக்கலாம். பட்டறைக்கு ஒரு சுவர் தள்ளி அவன் மனைவி அடுப்பு முன்னால் நின்றிருந்தாள், சீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு பிளைவுட் துண்டை எடுத்துவந்து டர்போவின் வாயில் வைத்து அழுத்தினான். காற்று கிடைக்காமல் இன்ஜின் திணறியது, தடதடவென்று ஆடியது. ஆயில் கை, ஆயில் பலகை. ஒரு கணம் பலகை வழுக்கியது. அப்புறம் அவன் தோளாலேயே அதைத் திரும்ப அழுத்தினான். இன்ஜின் ஒரு உலுக்கு உலுக்கி நின்றது.

அத்தனை சத்தத்துக்குப் பிறகு வந்த அமைதியில் பின்வீட்டு மிக்ஸி ஓடுவது கேட்டது. மச்சான் கத்தவில்லை. வலது கையை இடது கையால் பொத்திக்கொண்டு, "மாமா, நீங்க இறங்குங்க, உங்களுக்கு ஒண்ணும் ஆவலயே?" என்று கேட்டான். விரல் இடுக்குகளிலிருந்து ரத்தம் ஆயிலோடு கலந்து கறுப்பாக ஒழுகியது.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும். ஒட்டவைக்கிற மாதிரி எதுவும் மிச்சமில்லை என்று டாக்டர் சொன்னார்.

அவன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பட்டறைச் சாவி என்னிடம் இருந்தது. மூன்றாம் நாள் போய் நானே ஸ்பேனர் எடுத்து அந்த டர்போவைக் கழற்றினேன். அவன் போட்ட ஆயில் குழாயில் ஊதிப் பார்த்தேன். காற்று தாராளமாகப் போனது. திரும்புகிற குழாய் எங்கேயும் மடங்கவில்லை, அடைக்கவில்லை. தண்டைப் பார்த்தேன். அடிபிடித்த பாத்திரம் மாதிரி கரி ஏறிக் கிடந்தது. நகத்தால் சுரண்டினேன், பொடிப்பொடியாக வந்தது. டீசல் வண்டி தெரிந்தவன் எவன் பார்த்தாலும் ஒரே பார்வையில் சொல்லிவிடுவான், இது ஓட்டினவன் செய்த வேலை என்று. மச்சான் பார்த்தால் பார்வைகூடத் தேவையில்லை, தொட்டாலே போதும்.

தெருவில் பழைய இரும்பு வாங்குகிறவரின் குரல் கேட்டது. கூப்பிட்டுக் கொடுத்துவிட்டேன். கை நடுங்கவில்லை. இத்தனை நாளில் என்னை நானே காறித் துப்பிக்கொள்கிற இடம் அதுதான்.

கட்டுப் பிரித்த பிறகு ஒருநாள் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். சோபாவில் உட்காரவில்லை, கீழே உட்கார்ந்தான். மனைவி காபி கொண்டுவந்தாள். இடது கையால் டம்ளரை வாங்கினான், தளும்பிச் சட்டையில் கொட்டிக்கொண்டான். அவள் துணி எடுக்க உள்ளே ஓடினாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"படுத்துகினே யோசிச்சி யோசிச்சிப் பாத்தேன் மாமா. நான் போட்ட ரிட்டர்ன் குழாய்தான் சின்னதாப் போயிடுச்சி. இன்னும் ஒரு சைஸ் பெருசு போட்டுருக்கணும். என் தப்புதான். உள்ள உக்காந்திருந்தது நீங்க. உங்களுக்கு எதுனா ஆயிருந்தா அக்கா மூஞ்சில எப்டி முழிப்பேன்?" டம்ளரைத் தரையில் வைத்தான். "இனிமே இந்தக் கைய நம்பி எவனும் வண்டி வுட மாட்டான். வுடவும் கூடாது. பட்டறைய மூடிடறேன். என்ன மன்னிச்சிடுங்க மாமா."

குழாய் சரியாகத்தான் இருந்தது என்று சொல்ல ஒரு மூச்சு போதும். மனைவி துணியோடு வந்து அவன் சட்டையைத் துடைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள், நான் கோபித்துக்கொள்வேனோ என்று பயந்து.

"பரவாயில்லடா, விடு" என்றேன். "நான் மன்னிச்சிட்டேன்."